பீரோவுக்குள் வைத்த மூன்றாவது டப்பா

அண்ணனைக் கட்டியவள் கீழ்வீடு, தம்பியைக் கட்டியவள் மேல்வீடு. நடுவில் ஒரு மாடிப்படி. அந்தப் படியில் ஏறி இறங்கிய பொறாமையை எடை போட்டால் கட்டடம் தாங்காது. பொறாமை முழுவதும் கீழ்வீட்டு மூத்தவளுடையது. மேல்வீட்டு இளையவளுக்கு அதற்கு நேரமில்லை. வங்கி வேலைக்குப் போய் வருகிறவள்.

இளையவள் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது மூத்தவளுக்கு ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை. சோபா வாங்கியபோது இரண்டு வேளை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டவளால் வைஃபையைத்தான் தாங்க முடியவில்லை. அது பெற்ற மகனையே மேலே இழுத்துக்கொண்டது.

கீழ்வீட்டில் பையனின் அறைக்குச் சிக்னல் வராது. வேலை தேடிக்கொண்டிருந்தவன், "சித்தி வீட்டுல பாத்துக்கறேன்மா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். போகப்போக அதற்கும் இறங்குவதில்லை. இளையவள் பிள்ளை இல்லாதவள், ஆசைக்குக் கொஞ்சம் கொஞ்சட்டும் என்று ஆரம்பத்தில் பெருந்தன்மையாக விட்டவள்தான் மூத்தவள். இப்போது மேலேயிருந்து அவன் சிரிப்பது கேட்டால், தையல் மெஷினை ஓங்கி மிதித்தாள். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற கை, அந்த நேரத்தில் மட்டும் கோணலாகத் தைத்தது.

ஒரு நாள், "வீடியோவுல இன்டர்வியூ இருக்கும்மா. சித்தி ரூம்ல உக்காந்து பேசிடறேன்" என்றான்.

"பேசுவே, பேசுவே. உனக்கு வேலை கிடைச்சா அது இந்த வீட்டுல உக்காந்து கிடைச்சதா இருக்கணும்" என்றாள். அன்று மதியமே, இளையவள் வைஃபை வாங்கிய கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பொறுமைசாலி. "உங்க வீட்டுல எத்தனை ரூம்மா?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும். மேல்வீட்டுல எத்தனை டப்பா வாங்கினாங்க?"

"அவங்க மெஷ் வாங்கினாங்க. ரெண்டு டப்பா. ஒண்ணுல வர்ற சிக்னலை இன்னொண்ணு வாங்கித் தள்ளிக் கொடுக்கும். உங்க வீட்டுக்கு அதெல்லாம் வேணாம்மா. நல்ல ரவுட்டரா ஒண்ணு வாங்கி நடுவுல, உயரமா வச்சாலே போதும்."

அவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு போதுமாம்! மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "மூணு டப்பா இருக்கறதைக் கொடுங்க" என்றாள்.

முதல் டப்பாவைக் கூடத்தில் வைத்தாள். இரண்டாவது சமையலறைக்குப் போயிற்று. மூன்றாவதுதான் முக்கியமானது, பையன் அறைக்கானது. ஆனால் அங்கே இளையவள் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. வேலை கிடைக்கட்டும், அப்புறம் ஊரைக் கூட்டிக் காட்டலாம் என்று, பையன் இல்லாத நேரமாகப் பார்த்து அதை அவன் அறையிலேயே இருந்த தன் இரும்பு பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். ஒயரைப் பின்பக்கமாக இழுத்து மாட்டி, கதவைச் சாத்தினாள்.

"மூணாவது எங்கம்மா?" என்று பையன் தேடினான்.

"வைக்க வேண்டிய இடத்துல வச்சிருக்கேன். நீ உக்காந்து பேசு."

அவனும் தன் அறையிலேயே உட்கார்ந்து பேசினான். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு ஓரிடத்திலும் அறுபடவில்லை. அடுத்த வாரம் வேலை கிடைத்துவிட்டது என்றான். என் டப்பா, என் வீடு, என் பிள்ளை! சந்தோஷத்தைவிட, இதை மேலே போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது. இனிப்பை எடுத்துக்கொண்டு, ஏறி மாதக்கணக்காகியிருந்த படியில் ஏறினாள்.

படி திரும்பும் இடத்தில், பையனின் ஜன்னலுக்கு மேலே, ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் வெள்ளை டப்பா. மேல்வீட்டிலிருந்து நீளமாக இழுத்து வந்த ஒயர். டப்பாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இளையவள் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா!"

"படியில என்னடி அது?"

இளையவள் முகம் மாறியது. "அது... இன்டர்வியூ அன்னைக்குக் காலையில ரூம்ல விட்டு விட்டு வருது சித்தின்னு மெசேஜ் போட்டான். மேல வந்து பேசுடான்னேன். அம்மா ஆசையா வாங்கினது, மேல வந்தா மனசு கஷ்டப்படும்னான். அதான் எங்களுதுல ஒண்ணை அங்க கொண்டு வந்து வச்சேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன். நீங்க அவன் ரூம்ல எங்கக்கா வச்சீங்க?"

"பீரோவுல."

"இரும்பு பீரோவுலயா?" இளையவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்திருந்தால்கூட மூத்தவள் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவள் சிரிக்கவில்லை. "இரும்புக்குள்ள இருந்து சிக்னல் வெளிய வராதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மூத்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டப்பா போனது போகட்டும். தனக்குத் தெரியாமல் இவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு ரகசியம், அதுவும் தன் மனசு நோகக்கூடாது என்று! பார்வையைத் திருப்பினால், சோபாவில் பாதி சுற்றிய பரிசுப் பொட்டலம். உள்ளே ஆண்பிள்ளைச் சட்டை, ஆபீசுக்குப் போடுகிற மாதிரி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வேலை கிடைச்சதை அவன் முதல்ல யார்கிட்ட சொன்னான்?"

இளையவள் மெல்ல நகர்ந்து பொட்டலத்தை மறைத்து நின்றாள். "கிடைச்சிடுச்சா! எனக்குத் தெரியவே தெரியாதேக்கா. நீங்க சொல்லித்தான் கேக்கறேன்."

பொட்டலம் ஒட்டிய டேப் துண்டு அவள் விரலில் இன்னும் இருந்தது. பாவி, ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சல் ஒன்றும் தணியவில்லை. ஆனால் பெற்றவளுக்கு முதலிடத்தை விட்டுக் கொடுக்க ஒருத்தி இப்படித் திணறுகிறாளே என்றும் மூத்தவளுக்கு இருந்தது.

"ஆமா. எங்கிட்டதான் முதல்ல சொன்னான்" என்று ஓர் இனிப்பை எடுத்து அவள் வாயில் திணித்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலாக அந்தச் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பெரிசா எடுத்திருக்கே. அவனுக்குத் தோள்ல தொங்கும். கீழ கொடுத்தனுப்பு, நான் பிடிச்சுத் தரேன்."