பீச் மரத்து விளார்

"மறுபடி படி," என்றார் ஹோசியா அண்ணன். கெளுத்தி மீனின் தோலை உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார்.

புத்தகம் ஜூலியன் டேட் எழுதியது. எங்கள் அப்பா இந்தத் தெற்கத்திப் பருத்திக்காட்டை விட்டுச் சிகாகோவுக்குப் போய் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரியிடம் பிறந்தவன். இப்போது அந்த மாநிலத்தின் கவர்னர் பதவிக்கு நிற்கிறான். வெள்ளையா கறுப்பா என்று தெரியாமல் வளர்ந்தானாம், அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். அட்டையில் அவன் முகம். நெற்றி அப்படியே எங்கள் அப்பாவுடையது. அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனுக்கு ஒற்றைக் கண், சின்ன எழுத்து ஓடாது. அதனால் நான் வாசிக்க வேண்டியதாயிற்று.

மறுபடி படித்தேன். 'அப்பாவை நான் பார்த்தது ஒரே ஒரு பகல். அம்மா காரிலேயே இருந்தாள். அவர் என்னைக் கொல்லைப்புறத்துப் பீச் பழ மரத்தடிக்கு அழைத்துப்போனார். பச்சையாக, நேராக, கணு இல்லாமல் ஒரு கிளை தேடச் சொன்னார். நான் தேடினேன். ஒரே இழுப்பில் இலைகளை உருவக் கற்றுக்கொடுத்தார். நல்லாப் பார்த்து எடுத்திருக்கே என்று தலையைத் தடவினார். என் கறுப்பு வேரை நான் கையால் தொட்ட நாள் அது.'

அண்ணன் மீன் தலையை ஒரே வெட்டில் துண்டித்தார். கத்தி பலகையில் இறங்கி நின்றது.

கறுப்பு வேராம்! எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அது எதற்கான கிளை என்று. அடி வாங்கப்போகிற பிள்ளையே போய்த் தன் விளாரை ஒடித்து வர வேண்டும். மெல்லியதாகக் கொண்டுவந்தால் அப்பா தானே எழுந்துபோய் தடிமனாக ஒன்று ஒடித்து வருவார். காய்ந்ததாக இருந்தால் முறிந்துவிடும், முறிந்த கோபமும் நம் மேல்தான் விழும். ஆகவே நானும் அண்ணனும் நடுத்தரமாக ஒன்று பார்த்து எடுப்போம். அந்தக் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்? சிகாகோவில் அவனுக்குத் தனி அறை இருந்ததாம், முப்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.

ஜூலியன் வந்த அன்று எங்கள் அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். அந்தக் காரையும் வெளுத்த பையனையும் பார்த்துவிட்டு அண்ணன், "அம்மா வரட்டும், சொல்றேன்," என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கார் மண் ரோட்டில் திரும்பும்வரை அப்பா சிரித்துக் கையாட்டினார். பிறகு அந்தப் பையன் ஒடித்த விளாரோடு உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

பச்சை விளார் முறியாது. தோலில் சுற்றி வளைந்து, பிய்த்துக்கொண்டு வரும். அண்ணனின் சட்டை கிழிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கெண்டைக்காலில் எனக்கும் இரண்டு விழுந்தது. அண்ணன் கெஞ்சவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கத்துடா," என்று கத்திக்கொண்டே அடித்தார். அண்ணன் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தபோது நுனி கண்ணில் இறங்கியது. அப்போதுதான் கத்தினார். பருத்திச் செடி குத்திவிட்டது என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். அம்மா சாகும்வரை அதையே சொன்னாள்.

"அவனுக்குத் தெரியாதாடி?" என்றார் அண்ணன்.

"அப்ப ஏழு வயசுப் புள்ளண்ணே."

"எனக்குப் பதினொண்ணு, வெர்லீன்."

பலகையில் நின்ற கத்தியைப் பிடுங்கி அடுத்த மீனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஜூலியன் இங்கே வருகிறான். எங்கள் கொல்லையில் பீச் கன்று நட்டுத் தேர்தலுக்குப் படம் பிடிக்கப் போகிறார்களாம். அண்ணன் ஒருத்தன் தாடையை உடைத்துவிட்டுச் சிறையில் இருந்தவர். ஜூலியனோடு காவலுக்குத் துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள். அண்ணன் கையை ஓங்கினால் இரண்டாம் பேச்சுக்கு இடமிருக்காது, சுட்டுவிடுவார்கள். எதற்கென்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

ஞாயிறு காலை வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் காரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன்.

சர்ச்சிலிருந்து நான் திரும்பிய கையோடு அவர்கள் வந்தார்கள். ஜூலியன் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா," என்றான். நல்ல குரல், ஓட்டு வாங்குகிற குரல். அவர்கள் கொண்டுவந்த கன்று அவன் தோள் உயரம் இருந்தது. கோட்டு போட்ட இருவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, அந்தப் பழைய மரம் எங்க இருந்துச்சு? அங்கயே நட்டுடலாம்."

"அவரு செத்த அன்னிக்கே வெட்டி எரிச்சுட்டேன்," என்றார் அண்ணன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

ஜூலியன் சிரித்துச் சமாளித்தான். அண்ணன் கன்றைக் காட்டினார். "புஸ்தகத்துல எழுதியிருக்கியே, அதே மாதிரி எனக்கு ஒண்ணு ஒடிச்சுக் குடு, பாப்போம்."

அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கேமராக்காரியை அருகில் கூப்பிட்டான். அவசரப்படாமல் தேடினான். பச்சையாக, நேராக, கணு இல்லாமல் ஒன்றை ஒடித்து, ஒரே இழுப்பில் இலைகளை உருவினான். மறக்கவே இல்லை, பாவி. அண்ணனிடம் நீட்டினான்.

அண்ணன் அதை வாங்கிக் காற்றில் ஒரு தரம் வீசினார்.

அந்தச் சத்தம். கோட்டுக்காரன் ஒருவன் கை உள்ளே துப்பாக்கிக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தொப்பி மண்ணில் கிடந்தது. இந்த வயதில், சர்ச்சுக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு, இரண்டு கையாலும் கெண்டைக்கால்களை மூடிக் குனிந்திருந்தேன். "வேணாம்ப்பா, வேணாம்ப்பா," என்று யாரோ அழுதார்கள். நான்தான்.

கேமராக்காரி கேமராவைத் தாழ்த்தினாள். ஜூலியன் என்னைப் பார்த்தான், என் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். விளாரை அவன் காலடியில் போட்டார்.

"நல்லாப் பார்த்து எடுத்திருக்கே," என்றார்.

ஜூலியனின் இன்னொரு கை மூடியே இருந்தது. உருவிய இலைகள் விரலிடுக்கில் பிதுங்கி நின்றன. அவனுக்கு அந்தக் கையைத் திறக்க வரவில்லை.