ரசமட்டம் உடைத்த சுவர்

டைல்ஸ் போடுகிறவர்கள் மத்தியில் அவனுக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். தரை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். விருந்துக்குப் போன இடத்தில்கூட மேஜையில் டம்ளரை வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் பல வருஷம் அடுத்தவர் வீட்டில் மண்டியிட்டுச் சம்பாதித்த காசில் தனக்கென்று ஒரு வீடு கட்டினால் அதன் குளியலறை எப்படி இருக்கும்? பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றியதோடு நிற்காமல் காலையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். "ஒரு டைல் மிச்சம் வராம கணக்குப் போட்டு வாங்கினேன்" என்று அவன் சொல்லும்போது அவன் மனைவிக்குப் பெருமை பிடிபடாது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களிடமும் பேச்சைச் சுற்றி வளைத்துக் குளியலறையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

அவளுக்கென்றும் தனியாக ஒரு பெருமை இருந்தது. குளியலறையின் பின்சுவர் ஓரம் அவள் ஊன்றிய பூசணி விதை, கொடியாகி, சுவரேறி, பக்கத்து வேலியையும் பிடித்துவிட்டது. அதற்கு அவள் தண்ணீர் ஊற்றியதே அபூர்வம். "எல்லாம் கைராசி" என்று கையை விரித்துக் காட்டுவாள்.

முதல் தண்ணீர் பில் வந்தபோது, புது வீடு, நிறையக் கழுவியிருப்போம் என்று கட்டிவிட்டார்கள். இரண்டாவது பில் அதையும் தூக்கிச் சாப்பிட்டது. டாக்டர்களின் கிறுக்கலையே தடங்கலில்லாமல் படிக்கிறவள், அச்சடித்த தொகையைத் திரும்பத் திரும்பப் படித்தும் நம்பவில்லை. பழைய வாடகை வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கட்டியதை இங்கே ஒரே தவணையில் கேட்டிருந்தார்கள்.

ரசமட்டம் வீட்டுக்குள் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தான். முதலில் மகளின் நீளமான முடி மாட்டியது. அடுத்து வாஷிங் மெஷின். கடைசியில் ஒருநாள் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டான்.

"மாமா பழைய காலத்து ஆளு. வாளி வாளியா மொண்டு ஊத்திப் பழகிட்டார். அவரைச் சொல்லியும் குத்தமில்ல."

மாமா என்றது அவளுடைய அப்பாவை. தையல் மெஷின் மேல் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன தையற்காரர். மனைவி போன பிறகு மகளோடு வந்துவிட்டார். இந்த வீட்டில் முதலில் கோடு போட்டதே அவருடைய அறைக்குத்தான். மகா ரோஷக்காரர். சமையலறைப் பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அரை வாளியில் குளித்து முடித்து, மீதியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் மகளிடம் மெதுவாக ஆரம்பித்தார். "உன் தம்பி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னான்."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்ப்பா?"

"பாக்கலாம்."

அவள் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த பையில், மடித்த சட்டைகளுக்கு மேல், அவருடைய கத்தரிக்கோல் இருந்தது. பெற்ற பிள்ளைகளைக்கூட அதைத் தொடவிடமாட்டார். நாலு நாள் போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோகவும் மாட்டார். திரும்பி வருகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை மதியம். அவள் மகள் தோழி வீட்டில். அப்பா காலாற நடந்துவிட்டு வரப் போயிருந்தார். அவள் வீட்டிலிருந்த குழாய்களை ஒன்று விடாமல் இறுக்கி மூடினாள். நேராக வாசல் கேட்டுக்குப் போய், மீட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த குட்டிச் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளே இல்லாத வீட்டில் யாரோ சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைச் சுற்றி வந்தாள். மண் எல்லா இடத்திலும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பூசணிக்கொடி பக்கம் காலை வைத்ததும் கணுக்கால் வரை புதைந்தது. காலை உருவினாள். அவளுடைய கைராசி சேறாகக் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை நாளும் பில்லில் வந்த தண்ணீரைத்தான் அவள் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணவன் வேலையிலிருந்து வந்ததும், கைகால் கழுவக்கூட விடாமல் மீட்டரைக் காட்டினாள்.

"மீட்டர்ல ஏதோ கோளாறு" என்றான்.

பூசணிக்குக் கூட்டிப்போனாள். அவன் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான்.

"மழை பெஞ்சிருக்கும்."

"எப்போ?"

அவன் வானத்தைப் பார்த்தான். வானம் அவனுக்கு ஒத்துழைக்கவில்லை.

"பைப்பு போடறப்ப நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். என் சுவர்ல கசிவா? அதை உடைக்கச் சொல்றியா?"

"என் கைராசின்னு நான் பேசினதெல்லாம் பொய்யின்னு ஆயிடுச்சு. ஒத்துக்கிட்டேன். சுவரை உடைச்சா நீங்களே மறுபடி போட்டுக்கலாம். அப்பா கத்தரிக்கோலை எடுத்துப் பையில வச்சிட்டாருங்க."

அவன் குளியலறைக்குள் போய்ச் சுவரைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் வெளியே போய் வால்வை மூடிவிட்டு, உளியும் சுத்தியலுமாகத் திரும்பி வந்தான். விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டினான். பின்சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் மாறியது. கண்ணாடியைக் கழற்றினான். ஒரு திருகாணியின் தலையைச் சுற்றித் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருகாணிகளுக்கு ஒரு சாண் மேலே இரண்டு பழைய ஓட்டைகள், வெள்ளை சிமெண்ட் வைத்து வழவழவென்று அடைத்திருந்தன.

"இது என்ன, மேல ரெண்டு ஓட்டை?"

அவன் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "குடி வந்த அன்னைக்கு மாமா இதுக்கு முன்னால நின்னு சவரம் பண்ணப் பார்த்தார். குனிஞ்ச முதுகு, நெத்திதான் தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. தடவிப் பார்த்தே பண்ணிட்டு, கன்னத்துல வெட்டோட வெளிய வந்தார். எனக்குப் பொறுக்கல. நீங்கள்லாம் சாமான் இறக்கிட்டிருந்தப்ப கண்ணாடியை இறக்கி மாட்டிட்டேன். அவசரத்துல பைப்பு எங்க போகுதுன்னு அளக்கல. கண்ணாலயே பார்த்துத் துளை போட்டுட்டேன்."

டம்ளர் தண்ணீரைக்கூட மட்டம் பார்க்கிறவன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளக்காமல் வேலை செய்திருக்கிறான். அதுவும் அவளுடைய அப்பாவுக்காக. அதை அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த வீட்டைக் கட்டி முடித்த அன்று வந்த பெருமையெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் உளியை வைத்து அடித்தான். இரண்டு டைல்கள் உடைந்து விழுந்தன. திருகாணியின் முனை பைப்பைக் குத்திக்கொண்டு நின்றது. சத்தம் கேட்டு, அப்போதுதான் வீடு திரும்பிய அப்பா கதவருகே வந்து நின்றார். மேலே அடைத்த ஓட்டைகளையும் கீழே இருந்த திருகாணியையும் மாறி மாறிப் பார்த்தார். துணியில் ஊசி போன வழியை வைத்தே நடந்ததைச் சொல்கிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எனக்காகவா மாப்ள?"

ரசமட்டம் எழுந்து நின்றான். "தண்ணியை நீங்க கொட்டல மாமா. நான்தான் கொட்டியிருக்கேன். அன்னைக்குச் சுவரை அளக்கல. அப்புறம் வார்த்தையையும் அளக்காம விட்டுட்டேன். போகாதீங்க."

அப்பா தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், கத்தரிக்கோலை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

பைப்பை மாற்றினார்கள். அதே நிறத்தில் டைல் கிடைக்கவில்லை. ஒன்றுகூட மிச்சமில்லாமல் கணக்குப் போட்டு வாங்கியவனுக்கு வேறு வழியும் இல்லை. கொஞ்சம் கருத்த இரண்டு டைல்களை ஒட்டினான். கண்ணாடியை அவற்றின்மேல் மாட்டியிருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அவனோ அளந்து, பைப்பிலிருந்து தள்ளி, அதே பழைய தாழ்ந்த உயரத்தில் மாட்டினான். வேலை கொடுக்க வருகிறவர்கள் குளியலறையைப் பார்த்துவிட்டு, இந்த ரெண்டு மட்டும் ஏன் நிறம் மாறியிருக்கு என்று கேட்கிறார்கள். "கண்ணாடியை எங்க மாமா உயரத்துக்கு இறக்கினேன். அப்ப உடைஞ்சது" என்கிறான். அடுத்த பில் ஒழுங்காக வந்தது. பூசணிக்கொடி வாடிப்போய், அவள் இப்போது தினமும் வாளியில் தண்ணீர் சுமக்கிறாள்.

அவன் நல்ல உயரம். காலையில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குனிந்துதான் தலை சீவ வேண்டியிருக்கிறது. "மேல இன்னொண்ணு மாட்டிக்கலாமே" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு? என்னாலதான் குனிய முடியுதே" என்று அவன் சீப்பை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் அவள் குளியலறையைப் பற்றி இன்னமும்தான் பேசுகிறாள். இப்போதெல்லாம் அந்த இரண்டு டைல்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள்.