குளிர்னு சொல்லிப்போட்டேனுங்க

குன்னூரில் உடம்புக்கு எது வந்தாலும் பழி குளிரின் தலையில்தான் விழும். மூட்டு பிடித்தால் குளிர், முதுகு பிடித்தால் குளிர், வேலைக்கு வரச் சோம்பலாக இருந்தாலும் குளிர். இரண்டு வருடத்துக்கு முன்னால், தேயிலை ஏலத் தரகர் அலுவலகத்தின் ருசி பார்க்கும் அறையில் அம்சவேணி ஒரு பீங்கான் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தபோது, அவள் வாயிலும் அதுதான் வந்தது.

“குளிருங்க சார். கை விறைச்சுப்போச்சு.”

மேனேஜர் ராஜசேகர் அதை அப்படியே நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

உண்மையில் அது முடக்குவாதம். கோயம்புத்தூர் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து அந்தப் பெயரைச் சொல்லி அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தலையில் சீப்பை வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நேரம் போகப்போக விரல்கள் மெல்ல இளகும். பத்து மணிக்கு மேல் அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆனால் அங்கே தேயிலையை ருசி பார்ப்பது எட்டு மணிக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ வைத்த நேரம். அவன் போய்விட்டான், நேரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, அதை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, வரிசையாக இருக்கும் கோப்பைகளில் மொண்டு, சர்ரென்று உறிஞ்சித் துப்பி, ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போட்டுக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினாள். வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை வாயைக் கெடுத்துவிடும். அதனால் அதைச் சனிக்கிழமை இரவில் போட்டுக்கொண்டு, ஞாயிறு முழுவதும் குமட்டலோடு கிடப்பாள். திங்கட்கிழமைக்கு நாக்கு தெளிய வேண்டுமே. ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கும். அவள் வீட்டில் கஞ்சி.

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்பவர்களுக்கு அய்யாவுவைத் தெரியாது. அவளுக்கு முன்னால் அந்த அறையில் ருசி பார்த்தவர் அவர்தான். பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. பிறகு எல்லாம் சரியாகித்தான் வேலைக்குத் திரும்பினார். ஆனாலும் வாதம் வந்த நாக்கு சொல்வதை எப்படி நம்புவது என்று ஏலத்துக்குத் தேயிலை அனுப்பும் ஃபேக்டரிக்காரர்கள் முணுமுணுத்தே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் வாதம் என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் அய்யாவுவின் வாய்தான் நினைவுக்கு வரும்.

அதனால் குளிர் என்றே வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டதற்கு நன்றாக அனுபவித்தாள். ராஜசேகர் அவள் மேஜைக்கு அடியில் ஹீட்டர் வாங்கி வைத்தார். கணக்குப் பிரிவில் ஒருத்தி கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தாள். கோப்பைகளில் டீ ஊற்றி வைக்கும் மரகதம், மூட்டுக்கு நல்லது என்று வாராவாரம் பை நிறைய முடக்கத்தான் கீரை கொண்டுவந்தாள். தோசை, ரசம், துவையல் என்று எல்லாவற்றிலும் அம்சவேணி அதைப் போட்டு, கடைசியில் புருஷன் வசந்த்குமார் பச்சையாக எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளிவைக்கும்படி ஆயிற்று. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். கத்தாமல், “சரிங்க, பார்க்கறேனுங்க” என்பாள்.

இந்தத் திங்கட்கிழமை காலை, அவள் உள்ளே வந்ததும் வராததுமாக ராஜசேகர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“உக்காருங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி. கோயம்புத்தூர் குடோனுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கியாச்சு. ஸ்டாக் பார்க்கற வேலை. கீழ நல்ல வெயிலுங்க, கையெல்லாம் சரியாப் போயிரும். ஹெட் ஆபீஸ்ல சண்டை போட்டு வாங்கினேன்.”

அம்சவேணி கைகளைச் சால்வைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். இந்த மனிதர் கெட்டவராக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம். நல்லவராக இருந்து தொலைக்கிறார். இத்தனை காலம் உறிஞ்சித் துப்பிப் பழக்கிய நாக்கைக் கொண்டுபோய்ச் சாக்கு எண்ண விடப் பார்க்கிறார்.

“சார், போன சித்திரையில எங்க அம்மா ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க. கோயம்புத்தூர் வெயில்லயும் விரல் வீங்குச்சு.”

“அப்பக் குளிர் இல்லீங்களா?”

“இல்லீங்க. முடக்குவாதம்.”

அவள் பயந்தது பயந்தபடியே நடந்தது. ராஜசேகரின் கண் நேராக அவள் வாய்க்குப் போனது. இந்த ஓரத்தைப் பார்த்தது, அந்த ஓரத்தைப் பார்த்தது.

“வாய்க்கு ஒண்ணுமில்லீங்க சார். அது பக்கவாதம். இது மூட்டுல வர்றது.”

“நாக்குக்கு எதும்...”

“நாக்குல ஏதுங்க மூட்டு?”

அவர் சங்கடமாக நெளிந்தார். “ரெண்டு வருசமாக் குளிர்னுதானே சொன்னீங்க?”

“சொல்லிப்போட்டேனுங்க. வாதம்னு சொன்னா இப்பப் பார்த்தீங்களே, அப்படித்தான் பார்ப்பீங்கன்னு பயம். எனக்கு ஹீட்டர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பத்து மணிக்கு ஆரம்பிச்சாப் போதுமுங்க.”

“டேஸ்டிங் எப்பவும் எட்டு மணிதானுங்க.”

“பத்து மணிக்கு டீயோட ருசி மாறிருங்களா?”

மடக்கிக் கேட்டால் அவர் காகிதத்தை நகர்த்துவார். இப்போதும் டிரான்ஸ்ஃபர் ஆர்டரை அவள் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். “ஆர்டர் வந்துருச்சு, நான் என்னங்க பண்றது? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. மத்ததை மெதுவாப் பேசிக்கலாம்.”

அம்சவேணி பேனாவை எடுத்தாள். அது விரல்களில் நிற்கவில்லை. உருண்டு தரையில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. இத்தனை நாளும் சால்வைக்குள் ஒளித்துவைத்திருந்த இரண்டு கைகளையும் அவள் மேஜைமேல் விரித்து வைத்தாள். விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தன. ராஜசேகர் இப்போதுதான் முதல்முறையாக அவற்றைப் பார்த்தார்.

“இப்ப முடியாதுங்க சார். பத்து மணிக்குன்னாக் கையெழுத்துப் போடுவேன். ஆனாப் பத்து மணிக்கு இந்தக் கை கரண்டியும் பிடிக்கும். அப்புறம் கையெழுத்து எதுக்குங்க?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் மரகதம் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“மரகதம், இன்னைக்கு மட்டும் பத்து மணிக்கு ஊத்திக்க” என்று குரல் கொடுத்தார்.

இன்னைக்கு மட்டும். அம்சவேணி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, கைகளை மெல்லச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு எழுந்தாள். அவருக்கு இன்று மட்டும்தானே? இருக்கட்டும். நாளைக்கும் எட்டு மணிக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைக் கீழே போட்டு, இன்னொரு “இன்னைக்கு மட்டும்” வாங்குவது என்று முடிவு செய்துகொண்டாள்.