கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டில் விளக்கு எப்படி எரிகிறது? சுவிட்சைத் தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும், அவ்வளவுதானே? எங்கள் அறையில் அப்படி இல்லை. எங்கள் அறையில் சுவிட்சைத் தட்டினால் என் மைத்துனனுக்குக் கோபம் வரும்.

"மாமா, சுவிட்சைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? போன்ல போடுங்க."

போனில் போட வைஃபை வேண்டும். வைஃபை அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி வழியாக வருகிறது. அந்தப் பெட்டியை வாரத்துக்கு ஒரு முறையாவது அவன் அப்டேட் செய்வான். அப்போதெல்லாம் விளக்கு எரியாது. நாள் முழுக்கத் துறைமுகத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, எத்தனையோ மாலைகளில் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடப்பான். கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

அவன் என் மனைவியின் தம்பி. ஒரு கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் வேலை. வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு வர மாட்டான். இந்த ஊர்க்காரர்கள் பழைய கம்ப்யூட்டர்களைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அவன் தெருத்தெருவாகச் சுற்றி அவற்றை அறைக்குத் தூக்கிக்கொண்டு வருவான். எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேஜை. மேஜை அவனுடையது. அதன் மேல் மூன்று மானிட்டர், பெயர் தெரியாத பலகைகள், வயர்கள். ஒவ்வொரு வயருக்கும் வெள்ளை டேப் ஒட்டி அதில் என்னவோ எழுதி வைத்திருப்பான். என் சட்டையை மாட்ட ஒரு ஆணி கிடையாது, அவன் வயரைத் தொங்கவிடப் பதினைந்து கொக்கி இருக்கிறது.

எதிர் அறையில் இருக்கும் பெயின்டர் அவனுக்கு வைத்த பெயர் 'சர்ஜன்'.

"ஏன் அண்ணே அப்படிக் கூப்பிடறீங்க?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"பின்ன? நல்லா இருக்கற ஆளைக்கூடப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவான் போல."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் பரீட்சை எழுதலாம் என்றார்கள். பாஸானால் சம்பளம் கூடும் என்பதெல்லாம் இருக்கட்டும். கிரேன்காரர்களுக்குக் கம்பெனி வீடு உண்டு. மனைவி, பிள்ளையை ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம். நான் இங்கே வந்தபோது என் மகளுக்கு நடக்கத் தெரியாது. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பரீட்சையைப் பற்றிச் சொன்ன அன்றே போனில் கேட்டாள்.

"அந்த வீட்ல எனக்குத் தனி ரூம் இருக்குமாப்பா?"

"இருக்கும்டா."

"மாமாவும் நம்ம கூடவா?"

"மாமாவுக்குத் தனி வீடு," என்று நான் அழுத்திச் சொன்னேன். மேஜைக்கு முன்னால் இருந்த மைத்துனன் திரும்பிப் பார்த்தான்.

பரீட்சை ஆன்லைனில் நடக்கும். கம்பெனி ஆபீசில் போய் எழுதலாம், இல்லையென்றால் வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரில் எழுதலாம். எங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நான் ஆபீஸ் என்றுதான் சொல்ல இருந்தேன். மைத்துனன் விடவில்லை.

"என்ன மாமா, வீட்ல நான் ஒருத்தன் இருக்கும்போது அந்த ஓட்டை மெஷின்லயா போய் எழுதப் போறீங்க? அது மவுஸை அசைச்சா அரை மணி கழிச்சுத்தான் அசையும்."

"எனக்குச் சாதாரணமா ஒண்ணு போதும் மாப்ளை. ஓடினா சரி."

"சாதாரணம்! ராக்கெட் மாதிரி செஞ்சு தரேன் பாருங்க."

ராக்கெட் வேண்டாம் என்று என் மனைவியிடம் போனில் சொன்னேன். "அவனும் வேற யாருக்குங்க செய்யப் போறான்? வேண்டாம்னு சொன்னா மனசு விட்டுடுவான். உங்க வாயால சொல்லாதீங்க," என்றாள். எங்கள் வீட்டில் அவள் தம்பியின் மனசு ஒரு கண்ணாடிச் சாமான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டுதான் நான் நடக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் பயிற்சிப் பரீட்சை ஒன்று கொடுத்திருந்தார்கள். மைத்துனன் மெஷினில் எழுதிப் பார்த்தேன். கேள்விகள் வந்தன, படம் வந்தது, பதில்களை அழுத்தினேன், எல்லாம் ஓடியது. "எப்படி?" என்றான். நானும் வாய்விட்டு, "பரவாயில்லையே மாப்ளை," என்றேன். அவன் பாத்திரம் கழுவினான். அவன் முறை இல்லாத நாளில் அவன் பாத்திரம் கழுவி நான் பார்த்ததில்லை.

பரீட்சை விடுமுறை நாளில் வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு ஆரம்பம், மூன்றரை வரை உள்ளே விடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அடுத்த வருஷம்தான். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, போன் இருக்கக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும். சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, இரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை மென்பொருளைத் திறந்தேன். ஒரு பச்சைக் கோடு ஓடியது. கேமரா சரி. மைக் சரி. அடுத்து ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. அது சொன்னதன் அர்த்தம் இது: இது உண்மையான கம்ப்யூட்டர் அல்ல, தேர்வைத் தொடர முடியாது.

மறுபடி படித்தேன். கதவைத் திறந்து, வெளியே நின்ற மைத்துனனை உள்ளே இழுத்தேன்.

"மாப்ளை, உண்மையான கம்ப்யூட்டர் இல்லைங்குது."

"என்னது?"

"அப்ப இது என்ன, பொம்மையா?"

அவன் குனிந்து பார்த்தான். உதட்டைக் கடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். எல்லாரும் வைத்திருக்கும் சாதாரண சிஸ்டத்தை, அதாவது கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, அவன் தன் மெஷினில் ஏற்ற மாட்டானாம். அவனே பார்த்துப் பார்த்துச் செய்த சிஸ்டம்தான் அதில் ஓடுகிறதாம். பரீட்சைக்குச் சாதாரண சிஸ்டம் வேண்டும் என்பதால் தன்னுடையதற்கு உள்ளே அதை வைத்திருக்கிறானாம்.

"உள்ளேன்னா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாமா. பெரிய பெட்டிக்குள்ள சின்னப் பெட்டி மாதிரி. காப்பி அடிக்கறவங்க அப்படிப் பண்ணுவாங்கன்னு தடுக்கறாங்க. நேத்து பயிற்சியில இதைச் செக் பண்ணலை."

"ஏன்டா, நேரா ஒண்ணை ஏத்தினா என்ன குறைஞ்சு போகும்?"

"அதைப் போய் யாராவது ஏத்துவாங்களா மாமா?" என்றான். உண்மையாகவே அதிர்ந்துபோய்த்தான் கேட்டான். சாக்கடைத் தண்ணீரில் குளிக்கச் சொன்ன மாதிரி.

"பெயின்டர் கிட்ட லேப்டாப் வாங்கிட்டு வா. ஓடு."

அவன் ஓடவில்லை. மேஜையின் மூலையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெயின்டரின் லேப்டாப் அங்கேதான் இருந்தது. கீபோர்டு தனியாக, ஃபேன் தனியாக, திரை தனியாக. திருகுகள் ஒரு பாட்டில் மூடியில் கிடந்தன.

"சூடாகுதுன்னாரு. சுத்தம் பண்ணித் தரேன்னு வாங்கினேன்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

"கவலைப்படாதீங்க மாமா. இதை ஏமாத்திடலாம். பத்து நிமிஷம்."

உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அடிக்க ஆரம்பித்தான். மென்பொருள் எதையெல்லாம் பார்த்துக் கண்டுபிடிக்கிறதோ அதையெல்லாம் மறைப்பானாம். ஒன்றை மறைத்தான், சிவப்புப் பெட்டி வந்தது. இன்னொன்றை மறைத்தான், அதே பெட்டி. "ஓ, அதையும் பாக்கறியா நீ," என்று அதனிடமே பேசினான். நான் பின்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் சந்தோஷமாக இருந்தான். கண் மின்னியது. வாய் லேசாகத் திறந்து, காலை ஆட்டிக்கொண்டு. அவனுக்கு ஒரு நல்ல புதிர் கிடைத்துவிட்டது. அதில் நான் இல்லை, கிரேன் இல்லை, அவன் அக்காவும் இல்லை.

நாற்காலியைப் பிடித்துத் திருப்பினேன்.

"இது உனக்கு விளையாட்டாடா?"

"மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, அதை மட்டும்..."

"எனக்கு அதை ஜெயிக்க வேண்டாம்டா! உள்ள போகணும்! என் பொண்ணுக்கு ஒரு ரூம் வேணும், புரியுதா? உங்க அக்கா அங்க தனியாக் கிடந்து சாகறா. நீ இங்க வயரைக் கட்டிக்கிட்டுக் கும்மாளம் போடற!"

அவன் கால் ஆட்டுவது நின்றது. என்னையே பார்த்தான். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினான்.

"என்ன பண்ணப் போற?"

"அழிக்கப் போறேன். என்னோடதை எடுத்துட்டு நேரா அதையே ஏத்தறேன்."

"வேற டிஸ்க் இல்லையா? இத்தனை கிடக்கே."

"எல்லாம் கிழடு மாமா. ராத்திரி வரைக்கும் ஏத்திக்கிட்டு இருக்கும். இது ஒண்ணுதான் வேகம்."

திரையில் ஒரு கேள்வி வந்தது. எல்லாம் போய்விடும், சம்மதமா என்று. அந்தச் சிஸ்டத்தைத்தான் அவன் நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தான். நான் தூங்கும்போது, சமைக்கும்போது, ஊருக்குப் பேசும்போது, எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் தட்டிக்கொண்டே இருந்தது அதைத்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் சரி என்று அழுத்தினான்.

பிறகு நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு சதவீதம். பத்து சதவீதம். நாற்பதில் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துகொண்டது. "ஓடுதா, தூங்குதா?" என்றேன். "ஓடுது மாமா." மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. எந்த நாடு என்று கேட்டது. பெயரைக் கேட்டது. அவன் ஒரே ஒரு எழுத்தை அடித்து மேலே போனான். பரீட்சை மென்பொருளை மறுபடி இறக்கினான். கேமரா சரி. மைக் சரி. சிவப்புப் பெட்டி வரவில்லை.

"வந்துடுச்சு மாமா! உக்காருங்க, உக்காருங்க," என்று கத்திக்கொண்டே வெளியே ஓடிக் கதவைச் சாத்தினான்.

உட்கார்ந்தேன். என் பணியாளர் எண்ணை அடித்தேன். நுழைவு நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது. பக்கத்தில் உதவிக்கு என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு, தயவு செய்து உள்ளே விடுங்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதினேன். யாரோ ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். கம்ப்யூட்டரைச் சரியாக வைத்திருப்பது தேர்வு எழுதுபவரின் பொறுப்பு. அடுத்த தேர்வில் சந்திப்போம், வாழ்த்துகள்.

கதவைத் திறந்தேன். அவன் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான். பெயின்டர் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, "என்ன சர்ஜன், ஆபரேஷன் சக்சஸா?" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன், அவன் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் அழவில்லை. எனக்கு அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஆபீஸ்லயே எழுதியிருக்கலாம்ல," என்றாள்.

"அதை நீ சொல்றியா?"

அவளுக்குப் பின்னால் மகள் எதையோ ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ கிட்ட என்ன சொல்றது?" என்றேன்.

"நான் சொல்லிக்கறேன்." பிறகு கேட்டாள், "அவன் சாப்பிட்டானா?"

போனை அவன் தலையணையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உள்ளே அவன் 'ம்' கொட்டுவது மட்டும் கேட்டது. அவள்தான் பேசியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் ஐந்தரைக்கு எழுந்தபோது அவன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பெயின்டரின் லேப்டாப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்து எதிர் அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். நான் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.