கடைசிக் குழி

புதுச் சிப்பைப் பஞ்சில் குத்தி, சோப்பு டப்பாவில் வைத்து எப்சி நீட்டினாள். ரஃபி அகமது வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழிவுநீர் நிலைய அலுவலகத்தில் அவர்கள் இருவர்தான். அவள் புரோகிராம் எழுதுபவள். அவர் மெக்கானிக்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்க் குழி ஒவ்வொன்றிலும், உள்சுவரில், நீர்மட்டம் அளக்கும் போர்டு ஒன்று இருந்தது. அதன் புரோகிராமை மாற்ற ஒரு ஆள் இறங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டும். அப்படி இறங்கிய தொழிலாளி கன்னியப்பன் சென்ற மாதம் பிணமாக மேலே வந்தார். விஷவாயு. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் எப்சி சொன்னதைக் காதில் வாங்கியது. இனிப் போர்டுக்குள் புரோகிராம் இருக்காது. மின்சாரம் வந்ததும் அது கேபிள் வழியே தன் எண்ணைச் சொல்லிப் புரோகிராமைக் கேட்கும். அலுவலகத்து சர்வர் அனுப்பிவைக்கும். அப்படிக் கேட்கத் தெரிந்த சிப்பைப் பொருத்த மட்டும் ஒவ்வொரு குழியிலும் ஒரு தடவை இறங்கியாக வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன. கன்னியப்பன் செத்த குழிதான் பாக்கி.

"பெட்டிய மேல எடுத்து மாட்ட முடியாதா பாய்?"

"கேபிள் கட்டை மேடம். வாங்கும்போதே அளந்து வாங்குன லட்சணம்." செருப்பை மாட்டினார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கம்பெனி லீவு. தோல் ஊறப்போடற டிரம்மு ஓடாது, குழிக்குத் தண்ணி வராது. நமாஸுக்கு முன்னாடி வந்துர்றேன்."

"வாட்ச்மேன் கயிறு புடிப்பாரா?"

"புடிப்பாரு. பீடி புடிக்காம இருந்தா சரி."

அவள் சிரிக்கவில்லை. "போர்டுல பச்ச லைட் எரியற வரைக்கும் மேல வந்துராதீங்க. இன்னொரு தடவ யாரும் எறங்கக் கூடாது."

"இன்னா மேடம், இதோட எனக்கும் வேலை போச்சா?" வாசலில் அவருடைய மொபெட் கிளம்பிப் போனது.

எப்சி திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. போர்டு கேட்டது. சர்வர் பேசவில்லை. மறுபடி கேட்டது. வரியின் முடிவில் இருந்த எண் அவள் பதிந்து வைத்திருந்த எண் அல்ல. கன்னியப்பன் விழுந்தபோது நனைந்த போர்டை மாற்றியிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரியாத எண்ணுக்கு எதுவும் கொடுக்காதே என்று சர்வரிடம் சொல்லி வைத்தவளும் அவள்தான். ஒரு குழியின் புரோகிராம் இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேலே வரச் சொன்னால் அவர் திரும்பவும் இறங்க வேண்டும். சர்வரில் பதிய வேண்டியது அந்த ஒரே ஒரு போர்டு எண்தான். அடித்தாள். பாதியில் தவறியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். போர்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

சர்வர் பதில் சொன்னது. புள்ளிகள் வரிசையாக ஓடி முடிந்தன. அங்கே பச்சை விளக்கு எரிந்திருக்கும். குழியின் நீர்மட்டம் திரையில் வரத் தொடங்கியது. ஒரே எண், வரிக்கு வரி. அசையாத தண்ணீர்.

போனை எடுத்து வாட்ச்மேன் அறைக்கு அடித்தாள். மணி அடித்தது. கயிற்றருகே இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தது.

தண்ணீர் வராத அந்தக் குழியின் மட்டம் திரையில் கொஞ்சம் ஏறியது. ஆடியது. பிறகு நின்றது. இறங்கவில்லை. புதிய எண் வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது.