கோட்டளவுத் தண்ணீர்

ஒரு வாரம் அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த அறிவியல் டீச்சர், வகுப்பறைக் கதவைத் திறந்ததும் நேரே கடல்மீன் தொட்டியிடம்தான் போனாள். கண்ணாடியில் அவள் ஒட்டியிருந்த நீல நாடா அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. மிஞ்சியிருந்த ஒரே கோமாளி மீன் பாறையிடுக்கில் சாய்ந்து, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், சொட்டு கொறைய விடல!" பின்னால் கணக்கு சார். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ஸ்கேல்.

"என்ன தண்ணி சார் ஊத்துனீங்க?"

"நீங்க வாளியில கலக்கி வெச்ச உப்புத் தண்ணிதான். கடல் மீனுக்குக் குழாத் தண்ணியவா ஊத்துவாங்க? கணக்கு வாத்தின்னா அவ்ளோ மட்டமா?"

அவள் சிரிக்கவில்லை. உப்பு பார்க்கும் கருவியில் தண்ணீரை மொண்டாள். முள் பச்சைப் பட்டையைத் தாண்டி நின்றது.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான் சார். உப்பு உள்ளயே நிக்கும். நீங்க மேல மேல சேத்துட்டீங்க."

அவர் முகம் செத்துப்போனது. "கொறைஞ்சா ஊத்துங்கன்னுதானே சொன்னீங்க?"

அதுவும் உண்மைதான். ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள்.

"நல்ல தண்ணி ஒரு வாளி ஊத்திருவோமா?"

"ஒரேயடியா மாத்துனா அதுலயே போயிடும். கொஞ்சங்கொஞ்சமாத்தான். ரெண்டு மூணு நாளாகும்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

அவள் வாசலைப் பார்த்தாள். இன்னொரு மீன் செத்தால் தொட்டி வகுப்பில் இருக்காது என்று தலைமையாசிரியை போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அழுவதை அவரால் பார்க்க முடியவில்லையாம். மணியடித்ததும் சுற்றி வருவார்.

"துணியப் போட்டு மூடிருவோம் டீச்சர். கேட்டா, மீன் தூங்குதுன்னு சொல்லிக்கலாம்." பகடி போலச் சொன்னாலும் கை துணியை எடுத்துவிட்டது.

மணியடித்தது. ஆரவாரமாக நுழைந்த பிள்ளைகள் தொட்டியருகே வந்ததும் அடங்கிப்போனார்கள். முன்பெஞ்சுக்காரி கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.

"டீச்சர், இது செத்துருமா?"

இதே கேள்வியைத் தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டபோது, வாயை மூடு என்று அதட்டியிருந்தாள். இப்போது அதட்ட வாய் வரவில்லை.

"தெரியலம்மா."

வெளியே வராந்தாவில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம். சார் பாதி இறக்கியிருந்த துணியை அவள் உருவி மேசைமேல் போட்டாள். ஒரு குவளை உப்புநீரை மொண்டெடுத்துவிட்டு, ஒரு குவளை நல்ல தண்ணீரை விளிம்போரமாகச் சரித்தாள். அது உடனே கலக்கவில்லை. வெயில் ரோட்டின் மேல் கானல் நெளிவதுபோல் கண்ணாடிக்குள் நெளிந்து நெளிந்து இறங்கியது. அதற்குப் பின்னால் மீனும் நெளிந்தது. அசைந்தது மீனா, தண்ணீரா என்று யாருக்கும் பிடிபடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.