ஆர்லீன் பெயரில் ஒரு வெள்ளி

செத்துப்போன பெண்டாட்டி புதிதாக ஒரு வெள்ளி நாணயம் வாங்கியிருந்தாள். ஒஹையோவில், தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்த சனிக்கிழமை நாணயச் சந்தையில் டெல்மர் அதைக் கண்ணால் பார்த்தார். கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே கழுகு பொறித்த ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம், மேலே நீல லேபிள். லேபிளில் ‘முதல் நாள் வெளியீடு’ என்றும், அதற்குக் கீழே ‘ஆர்லீன் ஸ்டாக் சேகரிப்பு’ என்றும் அச்சிட்டிருந்தது. நாணயத்தில் இந்த வருஷம். ஆர்லீனைப் புதைத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

டெல்மர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட பஸ்களுக்கு முப்பது வருஷம் பிரேக் மாட்டிய மனிதர், பேய் பிசாசு என்றால் சிரிப்பவர். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் எங்கேயோ இருந்துகொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிவிட்டார். அந்த நொடியின் சந்தோஷத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வெட்கம்.

ஆர்லீனுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது டிவி விற்பனை நிகழ்ச்சி பார்த்துத்தான். உணவகத்தில் பரிமாறிக் கிடைத்த டிப்ஸை எல்லாம் லேபிள் ஒட்டிய வெள்ளிக்குக் கொட்டினாள். வெள்ளி ஒரு விலை, லேபிளோடு மூன்று விலை. தரம் பார்த்து மார்க் போட்டுப் பெட்டியில் அடைக்கும் கம்பெனிக்குக் கூடுதலாகக் கட்டினால், யார் பெயரைச் சொன்னாலும் லேபிளில் போட்டுத் தருவார்கள். அவள் தன் பெயரையே போட்டுக்கொண்டாள்.

“உன் பேரைப் போட்டா எவன்டி வாங்குவான்? நீ என்ன ஜனாதிபதியா?” என்பார் டெல்மர்.

“விக்கிறதுக்கு யாரு வாங்குறா? நீ போய் உன் பிரேக்கைப் பாரு” என்பாள் அவள்.

அவள் போனபின் அந்தப் பெயர்கள் அலமாரியில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. தாங்க முடியவில்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வியாபாரி வின்ஸிடம் கொட்டினார். “லேபிளுக்கு ஒண்ணும் கிடையாது டெல்மர், வெள்ளி விலைதான்” என்றான் வின்ஸ். பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் துள்ளியது. யாரிடம் ஜெயித்தோம் என்பது வீட்டுக்கு வந்து வெறும் அலமாரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பிறகு மனிதர் பித்துப் பிடித்தவர்போல் அலைந்தார். வின்ஸ் அவற்றை இணைய ஏலங்களில் விற்றுக்கொண்டிருந்தான். டெல்மர் புனைபெயரில் நுழைந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கினார். இவரைப்போலவே விடாமல் ஏற்றும் இன்னொரு ஆள் எங்கிருந்தோ முளைத்ததால் விலை எகிறியது. கையில் இருந்ததை வெள்ளி விலைக்குத் தள்ளிவிட்டு நாலு மடங்கு கொடுத்து மீட்பது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதுதான். இருந்தும் நிறுத்த முடியவில்லை. அந்த ஆள் தட்டிக்கொண்டுபோன நாலு போக மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டன, முக்கியமான ஒன்றைத் தவிர. அவள் முதன்முதலில் பெயர் போட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்து நாணயம். சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அதோடு பேசுவாள். வின்ஸ் விற்காமல் வைத்திருந்த அது இன்றைக்கு இந்தக் கூடத்தில் ஏலத்துக்கு வருகிறது. அதற்காகத்தான் பனி தள்ளும் இயந்திரத்தை விற்றுக் காசோடு வந்திருந்தார்.

வந்த இடத்தில்தான் இந்தப் புது நாணயம்.

“இது என்னடா?” என்று வின்ஸின் மேசையைத் தட்டினார்.

வின்ஸ் ஹாட் டாக்கை மென்றபடி நிமிர்ந்தான். “அட, உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். உங்க வீட்டம்மா பேருக்கு ஏக கிராக்கி. ரெண்டு பேரு ஆன்லைன்ல மல்லுக்கு நிக்கிறாங்க, யாருன்னு தெரியல. அதான் போன வருஷத்துலயும் இந்த வருஷத்துலயும் கொஞ்சம் அவங்க பேர்ல போட்டு வாங்கி, சந்தைகள்ல மட்டும் விக்கிறேன். ஆமா, அவங்க யாரு உண்மையில? பெரிய ஆளா? எல்லாரும் கேக்குறாங்க.”

“அவ செத்துட்டாடா.”

“தெரியும், பாவம். நல்ல மனுஷி.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். “காசு கட்டினா எந்தப் பேரை வேணாலும் போடுவாங்க டெல்மர். சட்டத்துல தப்பில்ல.”

“எல்லாத்தையும் எடுத்து உள்ள வை. இல்லேன்னா ஏலம் நடக்கையில எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிருவேன்.”

வின்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டான். “தாராளமா சொல்லுங்க. இதெல்லாம் செத்தவ பேர்ல அடிச்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் கை தூக்க மாட்டான். எண்பத்தாறு உங்களுக்குச் சல்லிசாக் கிடைக்கும். நஷ்டம் எனக்குத்தான். போங்க, சொல்லுங்க.”

சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு டெல்மர் ஏல நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை போதும். வின்ஸின் மூக்கும் உடையும், நாணயமும் கைக்கு வரும்.

பக்கத்து நாற்காலியில் பருத்த அம்மாள் ஒருத்தி, சில்லி என்கிற பீன்ஸ் கறிக் கிண்ணத்தோடு வந்து அமர்ந்தாள். பெயர் ஜெனீவா, பக்கத்து மாநிலம் இண்டியானாவிலிருந்து வருகிறாளாம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். எல்லாம் அவளே சொன்னாள். ஏலப் பட்டியலில் எண்பத்தாறைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

“நீங்களும் ஆர்லீனுக்குத்தான் வந்தீங்களா?” என்றாள்.

பெயரைக் கேட்டதும் டெல்மர் பட்டியலில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

“எங்கிட்ட அவங்களோடது நாலு இருக்கு. இன்னும் கிடைச்சிருக்கும், ஆன்லைன்ல ஒருத்தன், பைத்தியக்காரன், விடவே மாட்டேங்கிறான்.” ஸ்பூனால் காற்றில் குத்திக் காட்டினாள். “மத்தவங்க எல்லாம் தரத்துல எழுபதுக்கு எழுபது மார்க் வாங்கினதா தேடி அலையிறாங்க. ஆர்லீன் மட்டும் ஒரு மார்க் குறைஞ்சதா, ஓரத்துல பழுப்பு ஏறினதா பாத்துப் பாத்து எடுக்கிறாங்க. யாரும் சீண்டாததை. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

டெல்மர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கறை பட்டதை ஏன் தலையில் கட்டிக்கொள்கிறாள், டிவிக்காரன் ஏமாற்றுகிறான் என்றே நினைத்திருந்தார்.

“ஆனா இப்ப வர்றது எல்லாம் பளபளன்னு எழுபதா வருது. கண்ணு கிண்ணு மங்கிப்போச்சா, உடம்பு முடியலையான்னு கவலையா இருக்கு. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?”

இதுதான் சமயம். அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா, வின்ஸ் ஒரு திருடன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அடக்கத்துக்குப் பிறகு ஆர்லீனைப்பற்றி யாரும் ‘இருக்கிறாள்’ என்று பேசி அவர் கேட்டதில்லை. இருந்தாள், நல்லவளாக இருந்தாள், அருமையாகச் சமைத்தாள் என்று எல்லாவற்றையும் முடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த அம்மாள் அவள் உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள்.

“என் வீட்டுக்காரிதான்” என்றார் டெல்மர்.

ஜெனீவா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். “வந்திருக்காங்களா?”

“வரல. முட்டி வலி. வீட்டுல இருக்கா.”

வார்த்தை வாயைவிட்டுப் போனதும் அது பொய் என்று உறைத்தது, கூடவே ஒரு சுகமும் பரவியது. அந்தச் சுகத்துக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

“அப்புறம் ஏன் எண்பத்தாறை விக்கிறாங்க? முதல் காசாச்சே.”

இதற்கு என்ன சொல்வது? ஆத்திரத்தில் அள்ளிக் கொட்டியவர் தான்தான் என்று சொல்ல முடியுமா? “கை மாறிப் போச்சு,” என்றார். “போனது போகட்டும், அருமை தெரிஞ்ச கையா இருந்தாச் சரின்னு சொல்லிட்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது புரிந்தது. உயிரோடு இருக்கிற பெண்டாட்டி போகட்டும் என்று விட்டதை, புருஷன்காரன் எந்த முகத்தோடு ஏலம் கேட்பான்?

எண்பத்தாறை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் மூலையில் மஞ்சள் பெயின்ட் சொட்டு அப்படியே இருந்தது. சமையலறைக்கு வர்ணம் அடித்தபோது தெறித்தது. ஜெனீவா தன் ஏல எண் அட்டையைத் தூக்கினாள். இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். டெல்மர் கொண்டுவந்த பணத்துக்குள்தான் விலை நின்றது. சட்டைப்பையில் பணக் கவர் கனத்தது, அவர் அட்டை மடியிலேயே கிடந்தது. சுத்தியல் தட்டினார்கள். ஜெனீவாவுக்கே விழுந்தது.

அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “நல்லாப் பாத்துக்குவேன்னு சொல்லுங்க. முட்டிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.”

“சொல்றேன்,” என்றார் டெல்மர்.

கூட்டம் கலைந்ததும் வின்ஸின் மேசைக்கு வந்தார். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டான்.

“அடுத்த வருஷக் காசு வந்ததும் எங்கிட்ட சொல்லு” என்றார். “லேபிள் செலவு என்னோடது. காசை நான் வந்து பொறுக்கி எடுப்பேன். பளபளன்னு இருக்கிறதை அவ எடுக்க மாட்டா.”

வின்ஸ் அவர் முகத்தையே பார்த்தான். “காலையில வேற மாதிரி பேசினீங்களே டெல்மர்.”

“காலையில அவ உயிரோட இல்ல” என்று சொல்லிவிட்டு, பணக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.